மண்டைக்குள் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி

அத்தியாயம் 11

வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் கசிரியே அங்கியின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.

"பாஸ், மூடின இடத்துல எனக்கு மூச்சு முட்டும்னு வேலைக்குச் சேரும்போதே சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் உனக்கு ஜன்னலே இல்லாத ரூமா பாத்துக் குடுக்காம, மொட்டை மாடியில ஆபீஸ் போட்டேன்," என்றாள் நகிமேரா.

"அந்த நல்ல மனசு இன்னிக்கு எங்க போச்சு?"

நகிமேரா கதவைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். கம்பாலாவில் பத்துப் பேருக்குத் தெரிந்த துப்பறிவாளி அவள். அந்தப் பத்தில் பாதிப் பேர் அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

அது காப்பிக்கொட்டை போட்டு வைக்கும் கிடங்கு. கூரை தகரம். சுவரின் உச்சியில் கம்பி வலை போட்ட ஒரே ஒரு துவாரம். மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்ததால் மூன்று பேர் நிற்பதற்கே மூன்று பேரும் மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. மத்தியான வெயிலில் தகரம் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஆள் செகிட்டோ. இந்த வழக்கை நகிமேராவிடம் கொண்டுவந்த கட்சிக்காரர். அவர்தான் அலட்டிக்கொள்ளாமல், தரையில் சரிந்து கிடந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். தலை பெரிது, பேச்சு மெது. கைக்குழந்தையாக இருந்தபோது மண்டைக்குள் நீர் கோத்துத் தலை ஊதிப்போனவர். வைத்தியம் ஆகிப் பிழைத்து, வளர்ந்து, அப்பாவின் நிலம் முழுவதையும் தன் கையால் பார்த்துக்கொண்டபோதும் ஊர் அவரைத் 'தண்ணித் தலையன்' என்று கூப்பிடுவதை விடவில்லை.

அந்த அப்பா செத்துப்போய், இன்று கடைசிக் காரியம். வந்தவர்களுக்கு விருந்து முடிந்ததும் குலத்துப் பெரியவர்கள் கூடி வாரிசை அறிவிப்பார்கள். அறிவிக்கப்பட்டவன் தோளில் மரப்பட்டைத் துணியைக் கட்டி, கையில் ஈட்டியைக் கொடுத்து வாசலில் நிறுத்துவார்கள். நிலம், குடும்ப இடுகாடு, அந்த நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் எல்லாம் அதோடு அவன் பொறுப்பு. அப்பா செகிட்டோவின் பெயரைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பாவின் மூத்த மனைவியின் மகன் முலிந்த்வாவின் எண்ணம் வேறு. கம்பாலாவில் நிலம் வாங்கி விற்கிற அவனுக்கு, ஏரியைப் பார்த்த இந்தக் காணியை ஹோட்டல்காரர்களிடம் தள்ளிவிட வேண்டும். தம்பிக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தான். புத்தி சரியில்லாதவர்களை வைத்துக்கொள்ளும் இல்லம். வாசல் கேட்டுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பூட்டு.

"எங்கய்யா அந்தப் படம்?" என்றாள் நகிமேரா.

கசிரியே திரும்பி நின்று தன் நீண்ட வெள்ளை அங்கியின் கழுத்துப் பக்கம் கையை விட்டு, முதுகிலிருந்து ஒரு பெரிய கறுப்பு ஸ்கேன் ஃபிலிம் தாளை உருவினான்.

"அப்பாடா! இதை முதுகுல சொருகினதுல இருந்து பிஷப் மாதிரி நடந்துட்டிருக்கேன். ரெண்டு கிழவி வந்து மோதிரத்துல முத்தம் குடுக்கப் பாத்தாங்க."

முலிந்த்வாவின் காரில் இருந்த உறையில் ஒரே ஸ்கேனின் இரண்டு ஃபிலிம் தாள்கள் இருந்தன. நகிமேராவும் கசிரியேவும் ஒன்றை உருவியதும் அவன் வந்துவிட்டான். உருவியதைப் பார்க்கவில்லை, கார் பக்கம் நின்றதைப் பார்த்தான். "விருந்தாளிங்களா? வெயில்ல களைச்சிருப்பீங்க, உள்ள உக்காருங்க," என்று இரண்டு தடியர்களை வைத்து இங்கே தள்ளினான். கையோடு தம்பியையும் தள்ளினான். பந்தலில் கேட்டவர்களுக்கு, செகிட்டோவுக்கு வலிப்பு வந்து படுத்திருக்கிறான் என்று பதில்.

நகிமேரா ஃபிலிமைத் துவார வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், ஒரே தலையை அடுக்கடுக்காகச் சீவி எடுத்தவை. மூலையில் 'செகிட்டோ' என்று பெயர். ஒவ்வொரு படத்திலும் வெள்ளை வளையமாக மண்டையோடு. நடுவில் இறக்கை விரித்த கறுப்புப் பட்டாம்பூச்சி. அந்தக் கறுப்பு எல்லாம் நீர். மூளை என்று சொல்வதற்கு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு மட்டும் இருந்தது.

"பாஸ், இது தலையா, சுளையெல்லாம் தின்னுட்டு வெச்ச பலாப்பழமா? இத வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி செருப்பைத் தேடிப் போடுவான்?"

"இப்படி ஒரு படம் இருக்குன்னு முலிந்த்வா சொல்லிட்டுத் திரிஞ்சப்பவே நானும் அதைத்தான் ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. இந்த மாதிரி தலையோட ஒரு வக்கீல் அவர்கிட்ட வந்திருக்காராம். தலைவலின்னு வந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுதாம். நீர் மெதுவா, வருஷக்கணக்கா ஏறினா மூளை ஓரமா ஒதுங்கி, மெலிஞ்சு, அங்கேயே தன் வேலையைப் பாத்துக்கிட்டு இருக்குமாம். சில பேருக்குக் கெட்டுப்போகும், சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. படத்தைப் பாத்து ஆளோட புத்தியைச் சொல்ல முடியாதுங்கறாரு."

"நிறைய மூளை இருந்தா புத்தி அதிகம்னு சொல்றாங்களே?"

"மொத்தமா ஆயிரம் பேரை எடுத்தா லேசா அப்படி ஒரு சாயல் தெரியுமாம். ஒத்தை ஆளுக்கு அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இல்லேன்னா, உன் தலை சைஸுக்கு நீ எனக்கு முதலாளியா இருக்கணும்."

கசிரியே தன் தலையைத் தடவிக்கொண்டான். "அப்ப டாக்டரைக் கூட்டிட்டு வந்து பந்தல்ல சொல்லச் சொல்லிருக்கலாமே?"

"யாரு கேப்பா? டாக்டர் பேச்சு காதுல விழுந்து போயிடும். இந்தப் படம் கண்ணுல நிக்கும். முலிந்த்வா அதை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு 'பாருங்க, உள்ள ஒண்ணுமில்ல'ன்னா கதை முடிஞ்சுது."

"நான் பாக்கலாமா?" என்றார் செகிட்டோ.

இருவரும் திரும்பினார்கள். இவர் தலை என்று சொல்லித்தான் இத்தனை ரகளையும். ஒருவராவது அந்தப் படத்தை இவரிடம் காட்டவில்லை. தானும் காட்டவில்லை என்பது நகிமேராவைச் சுட்டது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

செகிட்டோ ஒவ்வொரு படமாக விரலை நகர்த்திப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நகிமேரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெற்றிக்கு மேலே, முடிக்குள், வேர்வை ஒரு சின்னக் குழியில் தேங்கி நின்றது.

"அங்க தொடலாமா?"

"தொடுங்க. குழந்தையில டாக்டர் அதுவழியாத்தான் உள்ள போயி, நீருக்கு வேற வாய்க்கால் வெட்டினாராம்."

விரல் நுனி உள்ளே இறங்கியது. தோலுக்கு அடியில் எலும்பு இல்லை. நகிமேரா ஃபிலிமைப் பிடுங்காத குறையாக வாங்கித் துவாரத்துக்கு நேரே தூக்கினாள். ஒவ்வொரு வளையமாகச் சுற்றி வந்தாள். வெள்ளை எங்கேயும் அறுபடவில்லை.

"கசிரியே, இந்த மண்டையில ஓட்டை எங்க?"

"இல்ல பாஸ்."

"இவர் மண்டையில?"

"இருக்கு…" கசிரியேவின் வாய் அப்படியே திறந்து நின்றது. "பாஸ்! இது இவர் தலையே இல்ல!"

"மெதுவா கத்து. ரெண்டு மாசம் முன்னாடி முலிந்த்வா உங்களை அந்த மிஷினுக்குள்ள படுக்க வெச்சான் இல்லையா? உங்க நிஜப் படம் அவன் நெனச்ச அளவுக்கு மோசமா வரல. வாய்க்கால் நல்லா வேலை செஞ்சிருக்கு. அதான், அங்க வேலை பாக்கறவனைப் பிடிச்சு, இருக்கறதுலயே மோசமான படம் ஒண்ணு குடுன்னு கேட்டு, உங்க பேரைப் போட்டு வாங்கியிருக்கான்."

கசிரியேவுக்குத் திடீரென்று அந்தக் கிடங்கில் காற்று வந்த மாதிரி இருந்தது. ஃபிலிமைத் தானும் வாங்கிப் பார்த்தான். கீழ் வரிசையில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது. இடது காதுக்குப் பின்னால், முள்ளு முள்ளாக ஒளி தெறிக்கிற ஒரு புள்ளி.

"அழுக்குன்னு பாத்தா எல்லாத்துலயும் இருக்கே, பாஸ்."

"அழுக்கில்ல. இரும்பு." நகிமேரா கண்ணைச் சுருக்கினாள். "யாரோ பெரிய தலைக்காரர். காதுக்குப் பின்னாடி ஒரு துண்டு இரும்பு. யாருன்னு தெரிஞ்சா முலிந்த்வாவை இந்த இடத்துலயே…"

கசிரியே சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்தால் ஏதோ கெட்டது என்று அர்த்தம்.

"காலையில பந்தல் போடறப்ப நான் அங்க நின்னேன் பாஸ். அந்தப் பெரியவர், காதுக்குப் பின்னாடி இப்படித் தட்டித் தட்டி, 'சண்டைக் காலத்து இரும்பு குத்துது, மழை வரும், தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கடா'ன்னாரு. ரேடியோவுல வானிலை சொல்ற வேலைக்கு மனு போடுங்க தாத்தான்னு நான்கூடக் கிண்டல் பண்ணேன்."

"எந்தப் பெரியவர்?"

"தொப்பி தலையில நிக்காம கையில வெச்சிருந்தாரே. லுட்டாயா."

செகிட்டோ கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது என்பது அந்த மூடலில் இருந்தது.

லுட்டாயாதான் குலப்பெரியவர். இன்றைக்கு வாரிசு யார் என்று தீர்ப்புச் சொல்லப்போகிறவர் அவர்தான்.

கசிரியேவுக்கு நிலைகொள்ளவில்லை. கதவை நோக்கிப் பாய்ந்தான். "இந்த முட்டாள் முலிந்த்வா, ஜட்ஜோட தலையையே கொண்டுவந்து ஜட்ஜ்கிட்ட காட்டப்போறான் பாஸ்! கதவை உடைச்சாவது நான் போயி…"

"சொல்லக் கூடாது," என்றார் செகிட்டோ.

"என்னது?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது தம்பி." அவர் வார்த்தைகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். "என் தலை ஊதினப்போ, இது நிக்காது, விட்டுடுங்கன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. லுட்டாயா பெரியப்பா என்னைத் துணியில சுத்தி, சைக்கிள்ல கட்டி, ரோடு வரைக்கும் மிதிச்சு, அங்கேருந்து பஸ் மாத்தி மாத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஆபரேஷன் முடியற வரைக்கும் அங்கேயே வராந்தாவுல படுத்துக் கிடந்தார். இந்த ஊர்ல எல்லாரும் அவர் பேச்சைத்தான் கேக்கறாங்க. இது அவர் தலைன்னு நாம சொன்னா, என்னைச் சிரிச்ச வாயெல்லாம் நாளைக்கு அவரைச் சிரிக்கும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"சொல்லலேன்னா உங்களை அந்த இல்லத்துல போட்டுப் பூட்டிருவாங்கய்யா!"

"தெரியும். பயமாத்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் அந்த கேட்டுதான் கனவுல வருது. இருந்தாலும் வேண்டாம்."

கசிரியேவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் துருப்புச்சீட்டு இருந்தும் போட முடியாமல் மாட்டிக்கொள்வதைவிட, சீட்டே இல்லாமல் மாட்டிக்கொள்வது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. கூரை தலைமேல் இறங்குவது போல இருந்தது. வெளியே மேளம் நின்றது. சாப்பாடு முடிந்து எல்லாரும் பந்தலுக்குள் உட்காரும் அரவம் கேட்டது.

நகிமேரா கதவுப் பலகையின் இடுக்கில் வாயை வைத்தாள். வெளியே காவலுக்கு இருந்தவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதனால் ஊரே அவனைச் சலோங்கோ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடும்.

"சலோங்கோ, சாப்பிட்டீங்களா?"

"எங்கம்மா! வாழை இலையில கோழியைப் பொதிஞ்சு வேக வெச்ச வாசனைதான் வந்துச்சு. கோழி வரல."

"எல்லாரும் தின்னுட்டு ஏப்பம் விடறாங்க. உங்களை மட்டும் மூட்டைக்குக் காவலா போட்டுட்டாரே முலிந்த்வா?"

"அதை நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது."

"ஓடிப்போயி உங்க பங்கை வாங்கிக்கங்க. நாங்க எங்க போயிடப்போறோம், பூட்டு வெளியில இருக்கு. போற வழியில லுட்டாயா ஐயா காதுல ஒரே ஒரு வார்த்தை. தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் படத்தைத் தன் கையில வாங்கி, நல்ல வெளிச்சத்துல பாக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற ஒண்ணுமில்ல."

செருப்புச் சத்தம் விலகியது. நகிமேரா செகிட்டோவிடம் திரும்பினாள். "யார் தலைன்னு நான் யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் இனிமே அவர் இஷ்டம்."

செகிட்டோ சம்மதமாகத் தலையசைத்தார்.

"பாஸ், ஊரே பாக்கறப்ப எந்தப் பெரிய மனுஷன் எந்திரிச்சு, என் மண்டையில மூளை கம்மின்னு சொல்வான்?" என்று கசிரியே முணுமுணுத்தான். "நானே சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் எனக்குக் கம்மின்னு ஊருக்கே தெரியும்."

பலகை இடுக்கில் ஆளுக்கொரு கண்ணை வைத்தார்கள். பந்தல் தெரிந்தது. வெள்ளை அங்கி மேல் கோட்டுப் போட்ட கிழவர்கள் நாற்காலிகளில்; பட்டுக் கச்சை கட்டிய பெண்கள் பாய்களில். முலிந்த்வா மைக்கைப் பிடித்திருந்தான். நன்றாகப் பேசினான், பாவி. தம்பியின் பேரில் எவ்வளவு பிரியம் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு மீதமிருந்த ஃபிலிம் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கினான்.

"நான் சொல்லலை, மிஷின் சொல்லுது. மூளை இருக்க வேண்டிய இடத்துல தண்ணி. இந்தத் தலையால ரெண்டு ஆட்டுக்காரன் சண்டையைத் தீர்க்க முடியுமா? நிலத்தைக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க!"

பாய்களில் முனகல் எழுந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

லுட்டாயா கையை நீட்டினார். "கொண்டா இங்க."

"தூரத்துல இருந்தே தெரியுது பெரியப்பா…"

"எனக்குத் தெரியல. கொண்டா."

அவர் எழுந்து பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்று பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். இடது கை தானாக உயர்ந்து காதுக்குப் பின்னால் போனது. பாதியில் நின்று கீழே இறங்கிவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டாரு," என்று கசிரியே கிசுகிசுத்தான். "போச்சு. வாயைத் திறக்க மாட்டாரு."

கிழவர் தாளைச் சுருட்டினார். இருமினார். கிடங்குக்குள் செகிட்டோவின் உதடு அசைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அது சொல்வதை கசிரியே பார்த்தான்.

"முலிந்த்வா, இந்தத் தலைக்காரன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்படித்தானே?"

"கூடவே கூடாது பெரியப்பா."

"சொன்னாலும் செல்லாது?"

"எப்படிச் செல்லும்?"

"சரி. அப்ப போன வருஷம் கீழ்ப்பக்கத்து வாழைத்தோட்டம் உனக்கா, செகிட்டோவுக்கான்னு வழக்கு வந்தப்போ, உனக்குன்னு தீர்ப்புச் சொன்னேனே, அது செல்லாது."

முலிந்த்வா விழித்தான். "அது எப்படி? அது நீங்க சொன்ன…"

"இது என் தலை." லுட்டாயா தாளைத் தூக்கிப் பிடித்தார். "போன வருஷம் தலைவலி வந்து எடுத்தது. இந்த இரும்பைப் பாரு, சண்டையில வாங்கினது. இந்தத் தண்ணி எனக்கும் தெரியும். டாக்டர் திரையில காமிச்சாரு. வெளியில சொல்ல வெக்கப்பட்டு மூடி வெச்சிருந்தேன். என் பிள்ளைக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நீ எங்க வாங்கின?"

முலிந்த்வாவின் வாய் திறந்து மூடியது; மைக்கில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

"வலிப்பு வந்து படுத்திருக்கானே, அவனைக் கூட்டிட்டு வாங்க," என்றார் கிழவர். "நான் பாக்கணும்."

சலோங்கோ கோழிக்காலை வாயில் கவ்வியபடி ஓடிவந்து தாழ்ப்பாளை எடுத்தான். முதலில் வெளியே விழுந்தவன் கசிரியே. அவனைத் தாண்டிக்கொண்டு செகிட்டோ வெயிலில் நடந்து போய்ப் பந்தல் முன் நின்றார். வலிப்பு வந்த ஆள் இல்லை என்பதைப் பார்த்தவர்கள் முலிந்த்வாவின் பக்கம் திரும்பினார்கள்.

"செகிட்டோ," என்றார் லுட்டாயா. குரல் கொஞ்சம் பிசிறியது. "என் தீர்ப்பு கலைஞ்சு போச்சுன்னு உங்க அண்ணனே எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டான். இப்ப நீ சொல்லுப்பா. வாழைத்தோட்டம் யாருக்கு?"

செகிட்டோ பேச நேரம் எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ கனைத்துச் சிரித்தான். 'எனக்குன்னு சொல்லுய்யா, சொல்லித் தொலைய்யா' என்று கசிரியே கைகளைப் பிசைந்தான்.

"தோட்டம் அண்ணனுக்கே இருக்கட்டும்," என்றார் செகிட்டோ. "அன்னிக்கு அந்தத் தீர்ப்புல எனக்கு வருத்தம்தான். ஆனா வரப்பை அளந்து, ரெண்டு பக்கமும் கேட்டு, நியாயமாத்தான் சொன்னாங்க. சொன்ன தலை நல்ல தலை. வாங்கிக்கறீங்களா அண்ணே?"

முலிந்த்வா அங்கும் இங்கும் பார்த்தான். வேண்டாம் என்றால் தோட்டம் போகும். வேண்டும் என்றால் அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லை என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டது ஆகும். நகிமேரா கைகளைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கறேன்," என்றான்.

"மைக்குல சொல்லு," என்றார் லுட்டாயா.

"வாங்கிக்கறேன், பெரியப்பா."

கிழவர் மடித்து வைத்திருந்த மரப்பட்டைத் துணியை எடுத்து உதறினார். செகிட்டோ குனிந்தார். அந்தப் பெரிய தலையைச் சுற்றித் துணியைத் தோளுக்குக் கொண்டுவர முடியாமல் கிழவர் திணறினார். பின்வரிசையில் கனைத்தவனே ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொடுக்க, தோளில் முடிச்சைப் போட்டார்.